ஓட ஓட செட்டாகாத ஸ்டியரிங்: பாதியில் நின்ற பாஞ்சாலங்குறிச்சிப் பயணம்

மகளுக்குக் கட்டபொம்மன் கோட்டையைக் காட்ட வேண்டும். ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்பியதற்கு அதுதான் காரணம். கோவில்பட்டி என் மனைவி செல்வியின் ஊர். அங்கிருந்து பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போய்ச் சேரவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் இந்தப் பதிவில் கோட்டை வராது, கார்தான் வரும்.

முந்தின நாள் மதுரையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது முன்சக்கரத்தில் டக்டக்கென்று சத்தம். மாமனார் வீட்டுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டை ராடு எண்ட் போய்விட்டது என்றார் முதலாளி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது அந்தச் சாமானால்தான். மாற்றும் கூலியோடு 2,800 ரூபாய்.

வெள்ளி காலை போனபோது கார் இன்னும் ஜாக்கியில் நின்றது. பத்தரைக்கு ராகுகாலம். முதலாளி மணியைப் பார்ப்பதும் பையன்களை விரட்டுவதுமாக இருந்தார். திடீரென்று வண்டியை இறக்கினார்கள். ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை என் கையில் திணித்தார்கள். ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லாம் பார்த்தாச்சு, நேரத்துக்குள்ள எடுங்க என்றார்.

ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடியைத் தளர்த்தினால் வண்டி இடது பக்கம் இழுத்தது. ஓரமாக நிறுத்தி முதலாளிக்குப் போன் போட்டேன்.

"புது சாமான்லா அண்ணாச்சி, ஓட ஓட செட்டாயிரும்."

புதுச் செருப்பு காலுக்குச் செட்டாகும், சரி. ஸ்டியரிங் யாருக்குச் செட்டாக வேண்டும்? திரும்பிவிடலாம் என்றாள் செல்வி. பசுவந்தனை ரோடு குறுகல். அகலமான இடம் பார்த்துத் திருப்பலாமென்று உருட்டிக்கொண்டு போனேன். எதிரே பஸ் வந்தது. இடது பக்கம் ஒதுங்கினேன். மறுபடி ரோட்டில் ஏற்ற வலது பக்கம் திருப்பினால், ஸ்டியரிங் மட்டும் திரும்புகிறது, சக்கரம் கேட்கவில்லை. கார் சரிவில் இறங்கி மக்காச்சோளக் காட்டுக்குள் போய்விட்டது. ஈரக் கரிசல் சக்கரத்தை அள்ளிப் பிடித்ததால் நின்றது. பத்தடி முன்னால் பாலத்துச் சுவர்.

மகளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. அவள் அழவில்லை, செல்விதான் அழுதாள். காட்டுக்காரர் ஒடிந்த பயிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார், டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தும் விட்டார்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கோவில்பட்டியில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தைக் கழற்றியதும் எனக்கே தெரிந்தது. புது டை ராடு எண்டின் நட்டை வெறும் கையால் திருகியதோடு சரி, ஸ்பானர் படவே இல்லை. கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நட்டை முறுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? ராகுகாலத்துக்கு முன்னால் வண்டியை வெளியே அனுப்பும் அவசரத்தில் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டார்கள்.

அதை இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து முடித்ததும் நேரே பழைய ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் போய், கார் காட்டுக்குள் இறங்கியதை மட்டும் சொன்னோம். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நல்ல நேரத்துல எடுத்ததுனாலதான அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாம காட்டோட போச்சு. உங்க நல்லதுக்குத்தான அவசரப்பட்டது."

கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நல்லது நினைத்தே எங்களைக் கொல்லப் பார்த்த மனிதரிடம் என்ன பேசுவது? அந்தக் காரியத்தை அவர் மறுநாளும் செய்வார் என்பதுதான் என்னைக் கொதிக்கவைத்தது.

செல்வி என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி அவரிடம் நீட்டினாள்.

"இப்ப சாமான் செட்டாயிருக்கும்லா அண்ணாச்சி. உங்க பேரப்பிள்ளையளப் பின்னால ஏத்திக்கிட்டு பசுவந்தனை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, பாப்போம்."

வேறு கடையில் சரிசெய்தது அவருக்குத் தெரியாது. அவர் சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

இந்த வழியில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மழைக்குப் பின் ரோட்டை விட்டு இறங்காதீர்கள், கரிசல் விடாது. ஸ்டியரிங்கில் வேலை செய்தால் அன்றே அலைன்மென்ட் பாருங்கள். ஓட்டிப் பார்த்தீர்களா என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். சாவியை நீட்டுங்கள். வாங்குகிறாரா என்று பாருங்கள். எங்கள் ஆள் வாங்கவில்லை.