நூரின் கதவு

மலாய் நாட்டின் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மழைநீர் முழங்காலைத் தொடுகிறது. முல்லைத்தீவிலுள்ள எங்கள் மாதர் சங்கத்துக்காக வெள்ளப் பாதுகாப்புப் பழக வந்திருக்கிறேன். சும்மா நிற்க முடியவில்லை. மியன்மார் அகதிப் பெண் நூரின் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். குடியிருப்போர் குழுவின் சாந்தி அக்கா என் கையைப் பிடிக்கிறார்.

"தட்டாதம்மா. போலீஸ்னு பயந்து திறக்க மாட்டாங்க லா."

"சண்டை நேரம் நாங்களும் அப்பிடித்தான் அக்கா. ஆர் தட்டினாலும் திறக்கமாட்டம்."

அக்கா ஜன்னலருகே போய் மலாயில் கூப்பிடுகிறார்: "நூர், சாந்தி அக்கா வந்திருக்கேன். தண்ணி ஏறுது, மேல வா."

தண்ணீர் இன்னும் ஏறுகிறது. மறுபடி கூப்பிடுகிறார்.

தாழ்ப்பாள் விலகுகிறது. நூர் அக்காவைப் பார்க்கிறாள், பிறகு என்னை. கைக்குழந்தையை என்னிடம் நீட்டுகிறாள்.