வெங்காயத் தோலும் கன்னத்துச் செல்லும்

சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயம் விரலில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. சோப்பு, எலுமிச்சைத் தோல், தேங்காய் நார் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கீற்று தங்கிவிடும், சாதம் பிசையும்போது மருந்துக்கடை வாசனை வரும். பதினொன்றாம் வகுப்பில் நானும் நஸ்ரீனும் அந்த விரல்களோடுதான் திரிந்தோம். சாந்தோமில் கடலுக்கு ஒரு தெரு தள்ளியிருந்த பெண்கள் பள்ளி அது. உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். மயிலாப்பூரிலிருந்து போன எனக்கும் திருவல்லிக்கேணியிலிருந்து வந்த அவளுக்கும் வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த பெயர் என்பதால் ஒன்றாகச் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

தாவரச் செல்லுக்கு வெங்காயம், விலங்குச் செல்லுக்கு அவரவர் கன்னம். வெங்காயத்தை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றார் பயாலஜி மிஸ். எங்கள் வீடோ வெங்காயமே வாங்காத வீடு. நஸ்ரீனுக்கு வேறு கஷ்டம், அது ரம்ஜான் மாதம். வாயைக் கொப்பளித்துப் பல்குச்சியால் கன்னத்தைச் சுரண்ட அவளுக்குப் பயம். “சொரண்டறப்ப எதுனா தொண்டைல எறங்கிட்டா நோன்பு போச்சு. நீ வாயத் தொற, வெங்காயத்த நான் எட்த்தாறேன்” என்று அவளே பங்கு பிரித்தாள். இரண்டு வீட்டு ஆசாரத்துக்கும் பழுதில்லாத ஏற்பாடு என்று எங்களுக்கு ஒரே பெருமை.

வெங்காயத்தின் உள்தோலை அவள் இடுக்கியால் உரித்து, தண்ணீர்ச் சொட்டில் பரப்பி, சாயம் விட்டு, காற்றுக் குமிழி நுழையாதபடி மேல்கண்ணாடியைச் சாய்த்து இறக்கினாள். செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாகச் செல்கள். ஒவ்வொன்றுக்கும் கெட்டியான சுவர். நடுவை முழுக்க நீர்க்குழி அடைத்துக்கொண்டதால் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட உட்கரு. வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்துப் படத்தைப் பார்த்து அதற்குள் பச்சைப் பச்சையாகப் பசுங்கணிகத்தையும் போட்டுவைக்க, மிஸ் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்தார். “மண்ணுக்குள்ள கெடக்கற வெங்காயத்துக்குப் பச்சையம் எதுக்கு? வெயில் படாத எடத்துல அது என்னத்தச் சமைக்கும்? கண்ணுக்குத் தெரிஞ்சத வரைங்க.”

பிறகு என் கன்னத்தை நீலச் சாயத்தில் பார்த்தோம். சுவர் இல்லை, வரிசை இல்லை. மெல்லிய சவ்வு மட்டும் சுற்றியிருக்க, மடங்கியும் சுருங்கியும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன, நடுவில் ஒரு பொட்டு. “இன்னாடி இது, வெங்காயமே உன்ன விட அழகா கீது” என்றாள் நஸ்ரீன். மிஸ் திரும்பிப் பார்க்கும் வரை சிரித்தோம்.

ரெக்கார்டு நோட்டில் படங்களை எங்கள் இருவருக்கும் அவள்தான் வரைவாள். இருவருக்கும் பாகங்களின் பெயர் எழுதுவது நான். அவள் கை அப்படி, என் எழுத்து அப்படி. அவள் வீட்டில் ஒரே அறையில் தையல் மிஷின்களும் ஆறு பேரும் இருந்ததால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். அந்த நோன்பு மாதத்தில் பொழுது சாயும் நேரம் பார்த்து வாழைப்பழமும் பாலும் அவள் முன் கொண்டுவைத்தது அம்மாதான்.

அந்த ஆய்வு நடந்த மறுநாள் எங்கள் தாத்தாவின் திவசம். அது தெரிந்தும், வீட்டில் இன்னொரு முறை உரித்துப் பார்க்கும் ஆசையில் மிச்சமிருந்த பாதி வெங்காயத்தை நான் கேட்டேன். “வோணாம்டி, உங்க வூட்ல எதுனா சொல்லப் போறாங்க” என்று அவள் தடுக்கத் தடுக்கக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீடு முழுக்கக் கழுவிவிட்டு, திவசச் சமையலுக்கு உடுத்தும் “மடி”ப் புடவையைக் கொடியில் உலர்த்தியிருந்தாள் அம்மா. என் பை சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கியது. ஆறு மணிக்குள் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

“யார் வெச்சா இதை?” என்றாள் அம்மா.

யோசிக்கக்கூட இல்லை. “நஸ்ரீன் வெச்சிருப்பா. எனக்குத் தெரியாது” என்றேன்.

அம்மா கத்தவில்லை. அதைத் தெருமுனைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்து, மறுபடி கூடத்தைக் கழுவி, ஜலதோஷத்தோடு மறுபடி தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். “நாளைக்கு திவசம்னு அவளுக்குத் தெரியுமோல்லியோ? வெளையாட்டுக்கு வெச்சாளோ, வேணும்னு வெச்சாளோ. இனிமே அவளை ஆத்துக்கு அழைச்சுண்டு வராதே” என்றாள். நான் சரியென்று தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே நின்று, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமை, ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்றேன். நஸ்ரீன் நோட்டை மார்போடு அணைத்தபடி என்னையே பார்த்தாள். “உங்கம்மா எதுனா சொன்னாங்களா? அந்த வெங்காயமா?” என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். “செரி, வுடு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். மூன்றாவது சனிக்கிழமை வரவில்லை.

அதன்பின் என் நோட்டில் செல்கள் உருளைக்கிழங்காக இருந்தன. அவள் நோட்டில் அழகான படங்களுக்குப் பக்கத்தில் பெயர்கள் தப்பும் தவறுமாக இருந்து, சிவப்பு மை வாங்கின. திங்கட்கிழமைகளில் ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிப் பார்த்தோம், பேசிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. கல்யாணம் என்றார்கள், வேறு குரூப்புக்கு மாறிவிட்டாள் என்றார்கள். விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை. அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இன்று அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கச் செல்களைத்தான் பார்க்கிறேன். யாருடையதோ ரத்தம், யாருடையதோ சளி. கழுத்து இற்றுப்போகிறது, கண் எரிகிறது. சுவர், சவ்வு என்று வைத்துக்கொண்டு தத்துவம் பேச எனக்குத் தெம்பில்லை. பள்ளியின் பழைய ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டார்கள். நஸ்ரீன் இருந்த சந்தில் அந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்து மேன்ஷன் கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை போய் நின்றுவிட்டு, யாரிடமும் கேட்காமல் திரும்பினேன்.

தி.நகர் ஃபிளாட்டில் என்னோடு இருக்கும் அம்மா, என் கல்யாணத்துக்குப் பிறகு வெங்காயத்துக்குப் பழகிவிட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊத்தப்பத்தைப் பிட்டு வாயில் போட்டபடி சாதாரணமாகக் கேட்டாள். “உன்னோட படிச்சாளே, அழகா படம் போடுவாளே, திருவல்லிக்கேணிப் பொண்ணு. ஏன் அப்புறம் வரவே இல்லை?”

அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு வாங்கியது நான், பழி போட்டது நான், வாசலில் நிறுத்தியது நான்.

அம்மா வாயில் இருந்ததை மென்று முடித்தாள். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நளினி. ரெண்டு நாள் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?”