ஏழாம் வளைவு நோரீன்

உங்கள் கம்பளிச் சட்டையின் கைநுனியை இரண்டு விரலால் பிடித்து, இழுத்து, காதருகே கொண்டுபோய்ச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் நோரீன் பாஸ்கோ உங்கள் முகத்தைப் பார்ப்பாள். "இது ஆட்டு முதுகுல வளந்தது இல்ல. டப்பாவுல காய்ச்சுனது" என்று ஒருமுறை எங்கள் பாதிரியாரிடமே சொல்லிவிட்டாள். புதுச்சட்டை அவருக்கு. பாவம், அன்று பிரசங்கம் சரியாக அமையவில்லை.

கம்பளி தரம் பிரிப்பது அவள் தொழில். ரோமம் வெட்டும் காலத்தில் கொட்டகை கொட்டகையாகப் போவாள். தொட்டுப் பார்த்துப் பிரித்த ஒவ்வொரு பொதியின் மேலும் அவளுடைய எண்ணை மை வைத்துக் குத்துவார்கள். உள்ளே மட்டமான ரோமம் கிடந்தால் கடல் தாண்டிய ஆலையிலிருந்துகூட அந்த எண்ணைத் தேடிப் புகார் வரும். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒன்றும் வந்ததில்லை.

ஈஸ்டர் வந்தால் கரிண்டா பந்தயத் தடத்தில் ஏழாம் வளைவில் கொடி பிடிப்பாள். சம்பளம் கிடையாது. மதியத்துக்கு ஊறுகாய் தடவிய ஆட்டுக்கறி ரொட்டி, அதுவும் வீட்டிலிருந்து. ஆபத்து என்று ஓட்டுகிறவர்களை எச்சரிக்கும் மஞ்சள் கொடியை அவளே துவைத்து இஸ்திரி போடுவாள். தன் சட்டை இஸ்திரியைக் கண்டு எத்தனை வருஷமாயிற்று என்று அவள் புருஷன் கிளெம் மதுக்கடையில் புலம்புவதை ஊரே கேட்டிருக்கிறது.

நான் அவளைவிட ஆறு வயது மூத்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓட்டை இழுவை லாரி ஒன்றில் தொடங்கி, இன்று ஒன்பது லாரி வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் எவன் வண்டி கவிழ்ந்தாலும் என் கொக்கியில்தான் தொங்க வேண்டும். பந்தயத்தில் நொறுங்கும் கார்களை அள்ளுவதும், வளைவுகளில் டயர்களை அடுக்கிச் சுவர் கட்டுவதும் என் ஆட்கள்தான். அந்த ஈஸ்டரும் அப்படித்தான்.

பதினோரு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை ஒரு கார் ஏழாம் வளைவுச் சுவரில் மோதி டயர்களைச் சிதறடித்தது. ஓட்டியவனுக்குக் கால் முறிவு. என் ஆட்கள் மறுபடி அடுக்கினார்கள். ஆறு அடுக்குகளைச் சேர்த்துப் பிணைக்கும் பட்டைகள் அறுந்திருந்தன. மறுநாள் மதியம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை நல்ல மழை. கட்டியாகிவிட்டதா என்று வளைவோரக் கொடி மேடையிலிருந்து நோரீன் கேட்டாள். லாரிக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "கட்டியாச்சு" என்றேன். நாற்பது வருஷப் பழக்கம். அவள் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டு அறைக்கு "ஏழு தயார்" என்றாள்.

பதினொரு மணிக்கு ராஸ் டாரன்ட்டின் காரில் பிரேக் பிடிக்கவில்லை. ரொட்டிக்கடை வைத்திருந்தவன், இருபத்தாறு வயது. கட்டாத டயர்கள் திசைக்கொன்றாக உருண்டன. கார் அவற்றின் நடுவே புகுந்து மண்மேட்டில் செருகி நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. விசாரணையில் நாங்கள் இருவரும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை.

மகனுக்காகப் பந்தயத்தை நிறுத்த வேண்டாம் என்று ராஸின் தகப்பனாரே கேட்டுக்கொண்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மற்ற வளைவுகள் எல்லாம் தயார் என்றன. எல்லாரும் சொன்னால்தான் வண்டிகளை விட முடியும். நோரீன், "ஏழு தயாரில்லை" என்றாள். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார்கள். அதே பதில், அதே குரல். வேறு ஆளை நிறுத்துவேன் என்று பந்தயச் செயலாளர் கத்தினார். அவள் கொடியைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள். நான் பேசிப் படியாத காரியம் அதுவரை இருந்ததில்லை.

"எட்டாயிரம் பேரு உக்காந்திருக்காங்க, நோரீன்."

"உக்காரட்டும்."

"பையனோட அப்பாவே ஓட்டச் சொல்லிட்டாரு."

"அவரு சொல்லிட்டாரு. இந்தச் சுவரு இன்னும் சொல்லலையே."

ஆறு அடுக்குதானே, அரைமணியில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஆறு இல்ல, லெஸ். சுவர்ல இருக்கற நூத்திநாப்பதும்."

மூன்று மணி நேரமாகும் என்றேன். தனக்கு வேறு வேலை இல்லை என்றாள். பிறகுதான் என்னை நேராகப் பார்த்தாள். "நேத்து உன்னக் கேட்டேன். போய்த் தொட்டுப் பாக்கல. அது என் தப்பு, அத நான் சுமந்துக்கறேன். உன் தப்ப நீ பாத்துக்க."

ஒன்பது லாரிகளையும் வரவழைத்தேன். சரக்கு கட்டும் பட்டைகளை எல்லா லாரியிலிருந்தும் உருவினேன். அறுபத்துமூன்று வயதில் சேற்றில் மண்டியிட்டு நானே கட்டினேன். முடிச்சு விஷயத்தில் எனக்கு இணை யாருமில்லை என்பதை ஊர் அறியும். நோரீன் பின்னாலேயே வந்து ஒவ்வோர் அடுக்கையும் தோளால் இடித்துப் பார்த்தாள். நான் கட்டியதில் மூன்றை அவிழ்த்துக் கட்டச் சொன்னாள். அவிழ்த்துக் கட்டினேன். இடையிடையே கட்டுப்பாட்டு அறை கேட்டது. "தயாரில்லை." கூட்டம் கூச்சல் போட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்றேகால் மணிக்கு நூற்றுநாற்பதாவது அடுக்கை இடித்தாள். அசையவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அவள் மார்பில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி மறுபடியும் கேட்டது. ஏழு தயாரா?

நோரீன் அதைக் கழற்றிப் பொத்தானை அமுக்கிப் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.