வேனுக்குள்ள விழுந்த விமானம்

ரோட்டைப் பாக்கத்தான் வேன் டிரைவருக்கு சம்பளம். பின் சீட்டு வாக்குவாதத்தைக் கேக்கிறது இலவச சேவை. ஸ்டியரிங் பிடிச்சுப் பொழைக்கிறவங்களே, உங்க பாடும் இதானே?

தீர்ப்பு சொன்ன சார்

செங்கல்பட்டு ஸ்டேஷன்ல ஆளுங்களை ஏத்திகினு போய் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஃபேக்டரியில எறக்கிவுடறது என் வேலை. எங்கியோ ஒரு விமானம் விழுந்துச்சுன்னு சேதி வந்ததுலேர்ந்து வேன்ல வேற பேச்சே இல்ல. குவாலிட்டி செக்‌ஷன் சாருக்கு சந்தேகமே கெடையாது. அவ்ளோ பெரிய கம்பெனி செஞ்ச மெஷின் தப்பு பண்ணாது, பைலட்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டாருன்னாரு. விசாரணை முடியட்டும் சார்னு சொன்னா, முடிஞ்சாலும் அதான் வரும்னாரு. பேக்கிங்ல வேலை செய்யற செல்வி அக்கா ஜன்னலைப் பாத்துகினே சொன்னாங்க: "செத்தவரு எழுந்து வந்து பதில் சொல்லப் போறாரா? அவர் தலையில கட்டறதுதான் சுலபம்."

பூசணிக்காய் வைத்தியம்

அந்த வாரமே என் வேன்ல பிரேக் பெடலை மிதிச்சா உள்ள போய்கினே கீது. சர்வீஸ்ல காட்டினா, வண்டியில ஒண்ணுமில்ல, டிரைவர் எப்பவும் பிரேக் மேலயே காலை வெச்சிகினு ஓட்டறாருன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. பின்னாடி வண்டி நெறைய ஆளுங்க வராங்களே.

ஓனர் வண்டிக்குப் பூஜை போட்டாரு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தச் சொன்னாரு. ஏத்தினேன். பெடல் அப்பவும் எறங்குதுன்னேன். "பூசணிக்காயே ஒடைச்சாச்சு, இன்னும் இன்னாய்யா உனக்கு பயம்?"

பாலத்து எறக்கம்

மறுநாள் காலையில பாலத்து எறக்கத்துல பெடல் தரையைத் தொட்டுச்சு, வண்டி நிக்கல. கியரைக் கொறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மணல் மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்ல.

எறங்கிப் பாத்தா பின் சக்கரம் பூரா பிரேக் ஆயில். குவாலிட்டி சாரும் குனிஞ்சு பாத்தாரு. ஓனருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்புலயே, எப்பிடிய்யா ஓட்டின நீன்னு கத்தினாரு. நீங்க பாத்ததைச் சொல்லுங்க சார்னு குவாலிட்டி சார்கிட்ட போனை நீட்டினேன். அவரு ஷிஃப்டுக்கு நேரமாவுதுன்னு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிட்டாரு. செல்வி அக்காதான் போனை வாங்கினாங்க: "எங்க பைலட் உயிரோட கீறாருங்க. இன்னா நடந்துச்சுன்னு அவரையே கேளுங்க."

ஓனரும் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுகினு, மறுநாளே பிரேக்கையும் மாத்தினாரு, டிரைவரையும் மாத்தினாரு.