பரிபூரணத்தின் மூக்கு

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் அறுநூறு பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அரிசி எந்தக் கடையில், பருப்பு யாரிடம், எண்ணெய் எவர் செக்கில் என்று முடிவு செய்வது பரிபூரணம். மேனேஜர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அந்தப் பரிபூரணத்துக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இது ஊரில் ஒரு குஞ்சு குருமானுக்கும் தெரியாது.

கொரோனாக் காய்ச்சல் வந்து போனபோது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். டாக்டரிடம் மதுரைக்குப் போய்க் காட்டினாள். ராஜபாளையத்தில் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! அவரும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

வெளியே சொன்னால் என்ன குடி முழுகிப் போகுமா என்று கேட்பீர்கள். அவளுக்கு முழுகிப் போகும். செட்டியார்பட்டியிலிருந்து பதினெட்டு வயதில் அதே மில்லுக்கு நூல் ஓட்ட வந்தவள். ஒருநாள் விடுதிச் சோற்றில் புழுங்கிய வாடை அடிக்கிறது என்று தட்டோடு ஆபீசுக்குப் போய் மேனேஜர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அப்போதிருந்த மேனேஜர் நல்ல மனுஷன். 'இம்புட்டுப் பேசுதியே, நீயே வாங்கிப் போடு' என்று மெஸ்ஸுக்கு மாற்றிவிட்டார். புருஷன் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பி இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. நாலு பேர் மத்தியில் அவளை ஒரு ஆளாக நிறுத்தியது அந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வாள், பாவம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சரக்கு எடுப்பு நடக்கும். கடைக்காரர்கள் சாம்பிளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேனேஜர் அவர்கள் பேரைக் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டு, சாம்பிள் மேல் வெறும் நம்பரை எழுதி அனுப்புவார். சொந்தம், பழக்கம் என்று எதுவும் நடுவில் வரக் கூடாது என்று பரிபூரணமே கொண்டுவந்த ஏற்பாடு அது. பருப்பை உப்பில்லாமல் வேக வைப்பார்கள், எண்ணெயைச் சின்னச் சட்டியில் சூடு பண்ணுவார்கள். அவள் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பாள். 'ஆகும்', 'ஆகாது'. ஒரே வார்த்தைதான். அவள் எடுத்ததையே நர்சிங் காலேஜ் விடுதிக்காரர்களும், வில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன்காரர்களும் போன் போட்டுக் கேட்டு எடுத்துக்கொள்வார்கள்.

மூக்கு போன பிறகு எப்படிச் சமாளித்தாள் என்கிறீர்களா? தலைமைச் சமையல்காரர் மாரிசாமியின் முகத்தைப் பார்த்துத்தான். சரக்கு கெட்டிருந்தால் மாரிசாமிக்கு வலது பக்க மூக்கு லேசாக மேலே ஏறும். அது அவருக்கே தெரியாது. மூடியைத் திறப்பாள், குனிவது போல் குனிந்து ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பாள். போன வருஷம் முழுக்க இப்படியே ஓடியது. கெட்டிக்காரிதான், இல்லை என்று யார் சொன்னது?

இந்த ஜூனில் மாரிசாமிக்குக் கண் ஆபரேஷன். பதிலுக்கு வந்த சமையல்காரன், பக்கத்து அடுப்பில் மிளகாய் வறுத்த நெடிக்காக முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடலை எண்ணெய் மூன்று சாம்பிள். மேனேஜர் நோட்டோடு நிற்கிறார். மூன்றும் ஆகும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் எல்லாவற்றையும் ஆகும் என்று சொன்னதில்லை. சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்தாள். இரண்டாம் நம்பர் கொஞ்சம் நிறம் கூடுதலாக இருந்தது.

"ரெண்டாம் நம்பர் ஆகாது. சிக்கு வாடை" என்றாள். பழைய எண்ணெய்க்கு அடிக்கிற வாடை அது.

கவரைப் பிரித்தார்கள். இரண்டாம் நம்பர் சேக் முகைதீன்.

வில்லிபுத்தூரில் செக்கு வைத்திருக்கிற பெரியவர். மகாராஜபுரம் பக்கத்துக் கடலையை நேரே களத்தில் போய்ப் பார்த்து எடுத்து ஆட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக விடுதிக்கு அவர் எண்ணெய்தான். ஒரு டின்கூடத் திரும்பிப் போனதில்லை. பரிபூரணம் அந்தப் பேரை இரண்டு தடவை படித்தாள். சொன்னதை அப்போதே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மகராசி.

நாலாம் நாள் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில்.

"சண்டைக்கு வரல தங்கச்சி. அந்தச் சாம்பிளோட ஒண்ணா ஆட்டுன எண்ணெய்தான் இது. நானும் பத்துத் தடவ மோந்து பாத்துட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி."

பாட்டிலை வாங்கி மூக்கருகே வைத்தாள். ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீர்தான். எதிரே அந்த மனுஷன் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து மேசையில் மேனேஜர் வேறு. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. அப்படியே முழுங்கிவிட்டாள்.

"ஆமாண்ணே. லேசா இருக்கு" என்றாள்.

அவர் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார்.

"அப்ப எம் மூக்குதான் போயிருச்சு போல. வயசாச்சுல்லா. ஒங்க மூக்கு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது இரண்டு தடவை தடுமாறினார். பரிபூரணம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மாரிசாமி கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பி, மூலையில் கிடந்த இரண்டாம் நம்பர் சாம்பிளைத் திறந்தார்.

"இதுலயா சிக்கு வாடைன்னு சொன்னிய? பச்சக் கடலையில்லா மணக்கு!"

"ஒம்ம சோலியப் பாரும்" என்று எரிந்து விழுந்தாள். அவர் சாம்பிளை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனிடம் எரிந்து விழுந்து என்ன செய்ய? இனிமேல் ஒருவேளை எண்ணெய் உண்மையாகவே கெட்டிருக்குமோ என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழி இல்லாமல் போயிற்று.

சேக் முகைதீன் சும்மா இருந்திருந்தால் ஒரு விடுதியோடு போயிருக்கும். நேர்மையான மனுஷனாகப் போனதுதான் வினை. ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அவரே போய், 'நோயாளிக சாப்புடுதது, எஞ் சரக்கு இப்பச் சரியில்ல, வேற ஆளப் பாருங்க' என்று சொல்லிவிட்டு வந்தார். காலேஜ் விடுதிக்கும் அப்படியே. ஆவணி மாதம் செக்கைச் சங்கரன்கோவில்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று லாரி டிரைவர் சொல்லித்தான் பரிபூரணத்துக்குத் தெரியும்.

அதன் பிறகு அவளுக்கு நிம்மதி ஏது? அறுநூறு பேர் சாப்பிடுகிற கூடத்தில் நின்றால், ஒவ்வொரு தட்டும் அவளையே பார்ப்பது போல் இருந்தது. புரட்டாசி போயிற்று, தீபாவளியும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மானம் போனால் போகட்டும் என்று வில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

அவர் மனைவி மெகராஜ் பேகம் கதவைத் திறந்தார். "வாங்க வாங்க. நீங்களாவது அவியளுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. எதத் தொட்டாலும் எங்கிட்ட நீட்டி, வாடை வருதா பாரு, வாடை வருதா பாருன்னு கேக்காக. பெத்த மகன் கடைக்குக் கூப்புட்டும் போகல" என்றார். தேத்தண்ணிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மழை தூறுகிறது என்று மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.

பரிபூரணம் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, மூக்கு போனது எனக்கு. ஒங்களுக்கு இல்ல. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாது. வேல போயிருமோன்னு பயந்து மறச்சுட்டேன். அன்னைக்கு நான் சொன்னது பூராம் பொய்."

சேக் முகைதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"என்னயத் தேத்துறதுக்காக இப்படிச் சொல்லுதிய. ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? எட்டு மூடைக்கு நடுவுல பூச்சி விழுந்த ஒரு மூடைய வாசல்ல நின்னே சொன்ன ஆளு நீங்க. விடுங்க தங்கச்சி. ஆண்டவன் எம்புட்டு நாளைக்குக் குடுத்தானோ அம்புட்டுதான்."

"சத்தியமாண்ணே!"

"சரி, சரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. பொய்யைச் சொன்ன உடனே நம்பிய மனுஷன், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். இதற்கு மேல் எதைக் காட்டி நம்ப வைப்பாள்?

அவர் திடீரென்று முகத்தைத் தூக்கினார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் தயங்கி உட்கார்ந்தார்.

"பாலு அடிப்புடிக்குதா தங்கச்சி? எனக்கு அப்படித் தோணுது. நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியலண்ணே."

"நல்லா மோந்து பாருங்க."

"ஒண்ணுமே தெரியலண்ணே" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் அவளையே பார்த்தார். அதற்குள் அடுப்படி வாசல் வழியாகப் புகை வெளியே வர ஆரம்பித்துவிட்டது. எழுந்து போய் அடுப்பை அணைத்தார். கரி பிடித்த பாத்திரத்தைக் கைத்துணியால் பிடித்தபடி வந்து வாசலில் நின்றார். மறுபடி மறுபடி அந்தப் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"அப்ப அந்த எண்ணெய் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"நல்லா இருந்துச்சுண்ணே. மாரிசாமி சொன்னாரு."

மாடியிலிருந்து மெகராஜ் பேகம் இறங்கிவரும் சத்தம் கேட்டது. அவர் பாத்திரத்தைத் தரையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா தங்கச்சி" என்றார் சேக் முகைதீன். "ஒங்களுக்கும் சேத்து நான் மோந்து பாத்துச் சொல்லியிருப்பேனே."