போக வர இருபத்திரண்டு மீட்டர்

ஹமீது சுல்தான் கேபிளின் மேல் இடது மணிக்கட்டின் உட்புறத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பத்து எண்ணும் நேரம். பிறகு கையை இரண்டு சாண் தள்ளி வைத்து மறுபடி மூடுகிறார். மீட்டர் பக்கத்திலேயே கிடக்கிறது. அதை அப்புறம்தான் எடுப்பார். "மீட்டரு நம்பர் சொல்லும். சூடு எங்கன ஒக்காந்திருக்குன்னு சொல்லாது."

இதற்காகவே கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறார். வீட்டு மின்சாரத்திடம் இந்தப் பழக்கம் கிடையாது. படகுகளின் பன்னிரண்டு வோல்ட்டோடு சரி. மனைவி மெஹருன்னிசாவுக்கு இதில் பழைய குறை ஒன்று உண்டு. "புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் இந்த மனுசன் நெத்தியில உள்ளங்கைய வைக்காது. மணிக்கட்டத்தான் வைக்கும். அதுவும் கண்ண மூடிக்கிட்டு."

பாம்பனில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் கடை. பெயர்ப்பலகை இல்லை. சார்ஜில் கிடக்கும் பேட்டரிகள்தான் அடையாளம். வயது ஐம்பத்து நான்கு. அதில் பதினாறு வருடம் துபாயில், பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கும் துறையில் வயரிங் வேலை. திரும்பி வந்து ஆறு வருடமாகிறது. இங்கே விசைப்படகுகளின் விளக்கு, டைனமோ, இடையிடையே ஆட்டோ பேட்டரி. பாய்மரப் படகு வருடத்துக்கு நாலைந்து வரும். ரயில் பாதையின் தூக்குப் பாலம் திறப்பதற்காகக் குந்துகால் பக்கம் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். அவற்றில் ஒன்றுக்காவது ஹமீது பாய் தேவைப்படுவார். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். மாலையில் அது கறுப்பாகிவிடும் என்று தெரிந்தேதான்.

போன புரட்டாசிக் கடைசியில் வந்தது தங்கசாமியின் படகு. கப்பல் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கலைச்செல்வியோடு கொச்சியிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார். முதுகெலும்பில் தட்டு விலகியிருப்பதால் நங்கூரச் சங்கிலியைக் கையால் இழுக்கக் கூடாது. படகின் மூக்கில் அதற்காகவே மின்சார விஞ்ச் வைத்திருந்தார். பொத்தானைக் காலால் அமுக்கினால் சங்கிலி ஏறும். கலைச்செல்வி ஒரே நிபந்தனையில்தான் படகில் ஏறினாராம்: ஒரு தடவை கையால் இழுத்தாலும் படகை விற்றுவிட வேண்டும்.

அந்த விஞ்ச் குந்துகாலில் இரண்டு மீட்டர் இழுத்து, முனகி, ஃபியூஸ் போய் நின்றுவிட்டது. வழியிலேயே அது மக்கர் செய்தபோது பார்த்த ஒரு மெக்கானிக் மோட்டார் போய்விட்டது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாலம் தூக்குவதோ மறுநாள் பதினொரு மணிக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குள் வாடைக்காற்று பிடித்துக்கொள்ளும். பிறகு தை வரை படகு நகராது.

வள்ளத்தில் வந்து ஏறிய ஹமீது சுல்தான், தங்கசாமி நீட்டிய கையைக் குலுக்கிவிட்டு விடவில்லை. லேசாகத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் துருக் கோடு.

"மொதல்ல இதத் தொடைங்க சார்" என்று மண்ணெண்ணெய்த் துணியைக் கொடுத்தார். "அவுக டீ போட்டுட்டு வெளிய வாரதுக்குள்ள."

"ரெண்டு அடிதான் பாய் இழுத்தேன்."

"இடுப்பு?"

"இருக்கு."

புது ஃபியூஸ் போட்டு விஞ்சை ஓடவிட்டு, பின்பக்கம் பேட்டரியில் தொடங்கி, படுக்கைகளுக்கு அடியில் ஊர்ந்து, மணிக்கட்டை வைத்து வைத்து மூக்கு வரை போனார். கேபிள் சுண்டுவிரல் தடிமன். பிறகு மீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட், விஞ்சில் ஒன்பது.

"பரமக்குடியில பன்னெண்டு பேரு பஸ் ஏறுறாக. ராமேஸ்வரத்துல எறங்குறது ஒம்பது பேருதான். மிச்ச மூணு பேரு எங்க?" கேபிளைத் தட்டினார். "இங்கன. வழி நெடுக வேர்த்துக்கிட்டு ஒக்காந்திருக்காக. மோட்டாரு மேல குத்தம் இல்ல சார்."

"பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாமா?"

"காய்ச்சல்னு தெர்மாமீட்டர் சொல்லுது. தெர்மாமீட்டர மாத்துனா சரியாப் போயிருமா?"

தங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. கேபிள் போட்டது அவரே. நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். "அட்டவணை பார்த்துத்தான் போட்டேன் பாய். பேட்டரியிலிருந்து விஞ்ச் பதினோரு மீட்டர். அதுக்கு இந்தத் தடிமன்."

"போறதுக்குப் பதினொன்னு. வாரதுக்கு?"

தங்கசாமி நோட்டைப் பார்த்தார். மூடினார்.

"கரண்டு போயிட்டுத் திரும்பியும் வரணும்ல சார். என்னையும் துபாய்க்குப் போற டிக்கெட்டு மட்டும் குடுத்துத்தான் அனுப்புனாக. திரும்பி வாரதுக்குப் பதினாறு வருசம் ஆச்சு."

கலைச்செல்வி டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "முப்பது வருஷம் கப்பல்ல இஞ்சினியர்."

கட்டைவிரல் தடிமனில் வெல்டிங் கேபிள் கடையில் இருந்தது. விசைப்படகுகளின் ஸ்டார்ட்டருக்கு வாங்கி வைத்தது. போக ஒன்று, வர ஒன்று. முனைகளில் லக் எனப்படும் செப்பு வளையங்களை நசுக்கிப் பொருத்தி, உப்புக்காற்று புகாமல் ரப்பர் உறையைச் சூடுகாட்டி இறுக்கினார். நடுவில் அஸர் தொழுகைக்கு மட்டும் முன்தளத்துக்கு ஏறி வந்தார். பொழுது சாயும்போது வேலை முடிந்தது. சட்டை கறுப்பாகியிருந்தது.

காலையில் வேறொரு வெள்ளைச் சட்டையில் வந்தார். "படக இழுக்குறது விஞ்சு வேலை இல்ல சார். இஞ்சின்ல மெதுவா முன்னாடி போங்க. தொங்குற சங்கிலிய மட்டும் அது அள்ளட்டும்."

கலைச்செல்வி பொத்தானில் கால் வைத்தார். விஞ்ச் முனகவில்லை. முப்பது மீட்டர் சங்கிலி கடகடவென்று ஏறி, கடைசியில் சேறு வழிய நங்கூரம் தலைகாட்டியது. வள்ளக்காரர் உட்பட எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹமீது சுல்தான் கீழே அறையில், கண்ணை மூடி, கேபிளில் மணிக்கட்டை வைத்து முழங்காலிட்டிருந்தார்.

"எப்படி இருக்கு பாய்?" என்று சுக்கானிலிருந்து தங்கசாமி கேட்டார்.

"பச்சப்புள்ள நெத்தி மாதிரி இருக்கு."

வள்ளத்தில் கரைக்கு வந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாலைப் பாலத்துக்குப் போனார். வேடிக்கை பார்க்கப் போகவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாத வேகம். பாலத்தில் வழக்கம்போல பேருந்துகளை நிறுத்தி, ஜனங்கள் கைபேசியும் கையுமாக நின்றார்கள். தென்புறக் கைப்பிடியில் இடம் பிடித்தார். காத்திருந்த படகுகள் வரிசையாக வந்தன. தங்கசாமியின் படகு நான்காவது. கலைச்செல்வி மூக்கில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் கையாட்டினார்கள். ஹமீது சுல்தான் ஆட்டவில்லை. இடது கையைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டி, மணிக்கட்டின் உட்புறத்தைத் திருப்பி, அதை வலது கை விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். விஞ்சை நிறுத்தி அரை மணிக்கு மேலாகிவிட்டது; கேபிள் சூடாக இருக்க வழியில்லை. அது அவருக்கும் தெரியும்.

கலைச்செல்வி ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். குனிந்து, சங்கிலி அறையின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு மணிக்கட்டைக் கேபிளில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நிமிர்ந்து, சூடு இல்லை என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஹமீது சுல்தான் கையை ஆட்டினார்.