டெய்லரைப் பிடித்த ஏழரை

டெய்லருக்கு இடுப்பு இருபத்தெட்டு. கல்யாணத்தன்றும் இருபத்தெட்டுதான், ஐம்பத்தொரு வயதிலும் அதேதான். அந்தப் பெருமை தலைக்கேறி, மனைவியின் தம்பியைக் கண்டாலே டேப்பை உருவிவிடுவார். தம்பிக்கு வீடு மாறுகிறவர்களின் சாமான் தூக்கும் வேலை. பீரோவை முதுகில் சுமந்து நாலு மாடி ஏறுவார். இடுப்பு நாற்பத்திரண்டு.

“மச்சான், உன் பேன்ட் துணியில எனக்கு ரெண்டு தைக்கலாம். போய் ரத்தத்தைப் பாரு, கொழுப்பு வழியும்.”

“ஊசின்னா பயம் மாமா. நீங்களும் கூட வந்து குடுங்க.”

இருவரும் வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் டெய்லருக்கு நூற்றெண்பத்தெட்டு, தம்பிக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து. டெய்லர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. ட்ரைகிளிசரைடை நல்ல கொலஸ்ட்ராலால் வகுத்தார்.

“தம்பிக்கு ரெண்டுகூட இல்ல, நல்லது. உங்களுக்கு இருநூத்தி நாப்பதை முப்பத்திரெண்டால வகுத்தா ஏழரை.”

“ஏழரையா! யாருக்கு, எனக்கா?”

“மூணைத் தாண்டினாலே, இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்குதான்னு சந்தேகப்படணும். இது அடையாளம்தான், முடிவில்ல. சர்க்கரையும் பாத்துடுவோம்.”

“நான் ஒல்லிங்க!”

“அது வெளியில. ஒரு நாளைக்கு எத்தனை டீ?”

“ஏழு.”

“எவ்வளவு சர்க்கரை?”

“ரெண்டு ஸ்பூன்.”

“நாலு,” என்றார் தம்பி.

சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது. வீட்டில் மனைவி சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தார். “நாள் பூரா மெஷின்ல உக்காந்துட்டு, ஊரான் இடுப்பை அளந்தா இப்படித்தான்.”

மறுநாள் காலையே தம்பி வந்து மாமாவை வேலைக்கு இழுத்துப்போனார். முதல் வாரம் டெய்லர் தூக்கியது தலையணைகள் மட்டும். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது, பீரோவோடு ஏறிவந்த தம்பி, “கொஞ்சம் வழி விடுங்க மாமா,” என்றார். அவமானத்தில் டெய்லருக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. மதியம் வரை சுமை, அப்புறம் தையல், சர்க்கரையில்லாத ரெண்டு டீ.

நாலு மாதத்தில் ஏழரை மூன்றே முக்காலானது. “இன்னும் இறங்கணும்,” என்றார் டாக்டரம்மா.

டெய்லருக்குப் புதுப் பெருமை தலைக்கேற அது போதாதா? கோட்டு தைக்க வந்த குச்சி போன்ற கல்யாண மாப்பிள்ளையிடம் டெய்லர், “தம்பி, ட்ரைகிளிசரைடு எவ்வளவு?” என்றார்.

“அளவு குடுக்க வந்தோமா, ரத்தம் குடுக்க வந்தோமா?” என்று மாப்பிள்ளையின் அம்மா துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.